எமான்சிபேஷன்

வயது நிரம்பாத பிள்ளையைப் பெற்றோரின் சட்ட அதிகாரத்திலிருந்து விடுவிப்பதற்கு ஆங்கிலச் சட்டமொழியில் இந்தப் பெயர். லத்தீனில் 'மானுஸ்' கை, 'காப்பெரே' பிடித்தல். இரண்டும் சேர்ந்து பிறந்த 'மான்கிப்பியம்' கையால் பற்றிய உடைமை; அடிமைக்கும் அதே சொல். முன்னால் ஓர் 'எ' வந்தால், பிடியிலிருந்து வெளியே. (தமிழில் பிள்ளையைக் 'கைவிட்டார்' என்றால் வசை!)

பழைய ரோமில் நாற்பது வயது மகனும் தந்தை உயிரோடிருக்கும்வரை அவர் அதிகாரத்துக்குள்தான். சொந்தப் பெயரில் சொத்து கிடையாது. மகனை மூன்று முறை விற்ற தந்தைக்கு அவன்மேல் உரிமை இல்லை என்றது பன்னிரு பலகைச் சட்டம். சட்டம் தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மகனை விடுவிக்க இதையே வழியாக்கினார்கள்: தராசும் ஐந்து சாட்சிகளும் வைத்து, நம்பகமான நண்பருக்கு ஒப்புக்கு விற்பது. அவர் விடுவிக்க, மகன் தந்தையிடம் திரும்ப, மறுபடியும் விற்பது. மகளுக்கு ஒரே விற்பனை போதும். கி.பி. 531-இல் பேரரசர் ஜஸ்டினியன் இந்த நாடகத்தை ஒழித்தார். அதிகாரி முன் அறிவித்தாலே போதுமென்றானது.

இன்றைய கலிபோர்னியாவில் கேட்பது பிள்ளைதான். 14 வயதாகி, பெற்றோர் சம்மதத்தோடு தனியே வாழ்ந்து, தன் வரவுசெலவைத் தானே பார்ப்பவர் நீதிமன்றத்தில் மனுப்போடலாம். விடுதலை கிடைத்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம்; ஆனால் வாக்களிக்க 18 ஆகவேண்டும்.