பிறப்பைப் பதிவேட்டில் அடைத்த சட்டம்

வலியாரிடமிருந்து எளியாரைக் காப்பதற்கென்றே சட்டம் தோன்றிற்று என்பது நம் அனைவருக்கும் இளமையில் கற்பிக்கப்பட்ட பாடம். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும் எளியாரை நோக்கியே எய்யப்பட்ட சட்டங்களும் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. அத்தகையவற்றுள் தலையாயது 1871 முதல் 1952 வரை, எண்பதாண்டுகளுக்கு மேலாக, வெவ்வேறு வடிவங்களில் இந்திய மண்ணில் நிலவிய ‘குற்றப் பரம்பரைச் சட்டம்’. அதன் தோற்றத்தையும் நடப்பையும் முடிவையும், முடிந்த பின்னும் முடியாது நின்ற எச்சத்தையும் இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில மூலத்தில் இச்சட்டத்தின் பெயர் குற்றம் புரியும் குலங்கள் என்ற அளவிலேயே நின்றது. தமிழில் அது ‘குற்றப் பரம்பரை’ என்று வழங்கலாயிற்று. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இந்தச் சொல்லாட்சி வியப்பளிப்பது. மூலப் பெயர் வெளிப்படையாகச் சொல்லாது விட்டதைத் தமிழ்ப் பெயர் திறந்து காட்டிவிட்டது. தந்தையின் குற்றம் மகனைச் சேரும், மகனின் குற்றம் பேரனைச் சேரும் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. நாட்டுப்புற மக்களோ அதைவிடச் சுருக்கமாக ‘ரேகைச் சட்டம்’ என்றனர். கட்டை விரலில் மை தடவப்பட்டவர்களுக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

இக்கருத்து 1871இல் திடீரென முளைத்ததன்று. 1836இல் தக்கர்களை அடக்குவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாரைக் கொன்றார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று மெய்ப்பித்தாலே ஆயுள் தண்டனை விதிக்கலாம் என்று அது கூறிற்று. செய்கையிலிருந்து சார்புக்குக் குற்றம் இடம் பெயர்ந்த முதற்படி அது. 1857ஆம் ஆண்டுப் பெருங் கிளர்ச்சிக்குப் பின்னர் ஆட்சியாளரின் அச்சம் மிகுந்தது. ஓரிடத்தில் நிலையாகத் தங்கி, நிலவரி செலுத்தி, கணக்கில் அகப்படும் குடியானவனே நல்ல குடிமகன் என்றும், ஊர் ஊராகத் திரிபவர் யாவரும் ஐயத்துக்குரியவர் என்றும் அவர்கள் கருதத் தலைப்பட்டனர்.

அவ்வாறு திரிந்தவர்கள் யார்? பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி நாடெங்கும் வாணிகம் செய்த பஞ்சாராக்கள் என்னும் லம்பாடிகள், தென்னாட்டில் உப்பு விற்ற குறவர்களும் எருகலர்களும், வேட்டையாடி வாழ்ந்த பாரதிகள், கூத்தாடியும் கழைக்கூத்து நிகழ்த்தியும் பிழைத்தவர்கள் ஆகியோரே. 1853இல் தொடங்கிய இருப்புப்பாதை பொதிமாட்டு வாணிகத்தை விழுங்கிற்று. உப்புத் தொழிலில் சர்க்கார் செலுத்திய ஆதிக்கம் உப்பு விற்றவர்களின் பிழைப்பைப் பறித்தது. வனச் சட்டங்கள் வேட்டையையும் விறகையும் குற்றமாக்கின. பழைய ஊர்க்காவல் உரிமைகளைப் புதிய போலீசு முறை மதிக்கவில்லை. முதலில் பிழைப்பைப் பறித்த சட்டங்கள் வந்தன. பிழைப்பற்றவர்களைக் குற்றவாளிகள் என்ற சட்டம் அவற்றின் பின்னே வந்தது. இவ்வரிசையை நாம் மறத்தலாகாது.

1871ஆம் ஆண்டின் இருபத்தேழாவது சட்டம் வடமேற்கு மாகாணங்கள், அயோத்தி, பஞ்சாப் ஆகிய பகுதிகளில் முதலில் செயற்படுத்தப்பட்டது. ஒரு குலமோ கூட்டமோ வகுப்போ ஜாமீனில் விட இயலாத குற்றங்களை முறையாகப் புரியும் பழக்கமுடையது என்று நம்புவதற்கு மாகாண அரசுக்குக் காரணம் இருப்பின், கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் பெற்று, அதனைக் குற்றப் பரம்பரையென அறிவிக்கலாம். ‘நம்புவதற்குக் காரணம்’ என்னும் சொற்களைக் கூர்ந்து நோக்குக. சான்று என்று சட்டம் கேட்கவில்லை. நம்பிக்கையே போதும் என்றது. தச்சன் மகன் தச்சனாவது போலக் கள்வன் மகன் கள்வனாவான் என்பதே மசோதாவை ஆதரித்தோர் சொன்ன வாதம். நம் சாதி முறையைத் தாமே தவறாக விளங்கிக்கொண்டு, அந்தத் தவறான விளக்கத்தையே சட்டமாக்கி நம் மீது சுமத்தினர்.

இதே காலத்தில் இங்கிலாந்திலும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1869ஆம் ஆண்டின் வழக்கக் குற்றவாளிகள் சட்டம் அது. அதன் கண்காணிப்புக்கு ஆளானவர்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற தனி மனிதர்கள். இந்தியாவிலோ தண்டனை பெற்றாலும் பெறாவிட்டாலும், பிறந்த குழந்தையும் அதற்குள் அடங்கிற்று. ஒரே அரசு, ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில், தன் நாட்டாருக்கு ஒரு நீதியும் ஆளப்பட்டோருக்கு வேறொரு நீதியும் வகுத்தது.

சட்டத்தின் ஷரத்துக்களுள் மிகக் கொடியது எது என்று வினவினால், கசையடியையோ சிறையையோ நாம் சுட்டமாட்டோம். அரசின் அறிவிப்பை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கலாகாது என்ற ஷரத்தையே சுட்டுவோம். ஒரு குலம் அறிவிக்கப்பட்டுவிட்டால் அவ்வறிவிப்பே முடிந்த முடிபான சான்று. திருடியவன் நீதிமன்றத்துக்குச் சென்று ‘நான் திருடவில்லை’ என்று வாதாடலாம். அறிவிக்கப்பட்ட குலத்தில் பிறந்தவன் எங்கே சென்று ‘நான் பிறக்கவில்லை’ என்று வாதாடுவான்?

அறிவிப்புக்குப் பின் பதிவேடு வந்தது. மாஜிஸ்டிரேட்டின் முன் சென்று பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அனுமதிச் சீட்டின்றி எல்லையைத் தாண்டலாகாது. மணத்துக்கோ சாவுக்கோ பக்கத்து ஊருக்குச் செல்வதானாலும் சீட்டு வேண்டும். இரவில் குறித்த இடத்தில் இருப்பதாகக் காட்ட வேண்டும். தென்பாண்டி நாட்டில் ‘ராத்திரிச் சீட்டு’ என்ற சொல்லே இதனால் பிறந்தது. விதியை மீறினால் சிறை, அபராதம், சவுக்கடி. பின்வந்த திருத்தங்கள் மேலும் கடுமையாயின. குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையாயின் ஆயுட்காலத் தீவாந்தரம்.

அதே 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, இன்று நாம் திருநங்கையர் என்று மதிப்புடன் அழைப்போரைப் பற்றியது. அவர்களுள் ஐயத்துக்குரியவர் எனக் கருதப்பட்டோரும் பதிவேட்டில் ஏற்றப்பட்டனர். அவ்வாறு பதிவானவர் பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றினாலோ ஆடிப் பாடினாலோ இரண்டாண்டு வரை சிறை. அவர்கள் உயில் எழுதவோ, தானம் வழங்கவோ, மகவைத் தத்தெடுக்கவோ இயலாது. உடைமையும் உறவும் ஒரே ஷரத்தில் பறிபோயின.

1911ஆம் ஆண்டின் சட்டம் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் பரவிச் சென்னை மாகாணத்தையும் தழுவிற்று. கைரேகைப் பதிவு அதனோடு வந்தது. 1924இல் முந்தைய சட்டங்கள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. ஆறு வயது முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் சேர்க்க அரசுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. குலம் குலமாக மக்களைப் பெயர்த்துக் குடியேற்றங்களில் வைக்கும் முறையும் பெருகிற்று. அவற்றுள் பலவற்றை இரட்சணிய சேனை போன்ற சமய நிறுவனங்கள் நடத்தின. ஆந்திர நாட்டின் ஸ்டூவர்ட்புரம் எருகலர்களுக்கென அவ்வாறு எழுந்த ஊர். சோலாப்பூர்க் குடியேற்றத்தார் அந்நகரத்து நூற்பாலைகளுக்கு உழைத்தனர். சீர்திருத்தம் என்ற சொல்லின் நிழலில் மலிந்த கூலிக்கு ஆளும் கிடைத்தது.

மக்கள் இதனை வாளா ஏற்கவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், மதுரை மாவட்டத்து உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர் மீது போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். பலர் மாண்டனர், அவர்களுள் ஒருவர் பெண். ஜாலியன்வாலாபாக் நிகழ்ச்சிக்கு ஓராண்டு கூட நிறையாத நேரம். ஜாலியன்வாலாபாக்கை நாடு முழுவதும் அறியும். பெருங்காமநல்லூரை அறிந்தோர் இன்றும் சிலரே. பின்னாளில் அப்பகுதியில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் பல எழுந்து கல்வி பரப்பின என்பதையும் நடுநிலையோடு குறிக்க வேண்டும். ஆயினும் பள்ளி திறக்கக் கைரேகை தேவையில்லை.

1936இல் நெல்லூருக்கு வந்த ஜவாஹர்லால் நேரு, இச்சட்டம் குடிமை உரிமைகளுக்கே மாறானது என்று கண்டித்து, அதனை நீக்க வேண்டுமென்றார். சென்னை மாகாணத்தில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் போன்றோர் இதனை எதிர்த்துப் பல்லாண்டுகள் இயக்கம் நடத்தினர். 1947இல் சென்னை மாகாணம் தன் எல்லைக்குள் இச்சட்டத்தை நீக்கிற்று. மத்திய அரசு அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அக்குழு 1950இல் தன் அறிக்கையில் சட்டத்தை நீக்கப் பரிந்துரைத்தது. 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இந்தியா முழுவதிலும் சட்டம் ஒழிந்தது. நாடு விடுதலை பெற்று ஐந்தாண்டும் பதினாறு நாளும் கழித்தே இம்மக்களுக்கு விடுதலை வந்தது. வடநாட்டில் அவர்கள் ‘விமுக்த ஜாதி’யினர் என்றும், தமிழ்நாட்டில் ‘சீர்மரபினர்’ என்றும் பெயர் பெற்றனர். ஆகஸ்டு 31ஐ விடுதலை நாளாக அவர்களுள் பலர் இன்றும் கொண்டாடுகின்றனர்.

இத்துடன் வரலாறு இனிதே முடிந்தது என்று எழுத நமக்கும் விருப்பமே. ஆனால் உண்மை இடந்தரவில்லை. சென்னையில் 1948இலும், இராஜஸ்தானத்தில் 1953இலும், பம்பாயில் 1959இலும், வேறு பல மாநிலங்களிலும் ‘வழக்கக் குற்றவாளிகள்’ பற்றிய சட்டங்கள் எழுந்தன. எழுத்தளவில் இவை குலத்தைக் குறிப்பனவல்ல. தனி மனிதரையே குறிப்பன. இந்த வேறுபாடு பெரிது, அதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் பழைய பதிவேட்டைப் புரட்டிய அதே கைகளே புதிய பதிவேட்டையும் எழுதின. ஊரில் களவு நிகழ்ந்தால் முதலில் எந்தத் தெருவுக்குச் செல்வது என்ற பழக்கத்தை 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்ற முடியவில்லை. 1998இல் மேற்கு வங்கத்துப் புருலியா மாவட்டத்தில் சபர் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் போலீசுக் காவலில் உயிரிழந்தார். எழுத்தாளர் மகாசுவேதா தேவி முதலியோர் அவருக்காக நீதிமன்றத்தை நாடினர். அவ்வாண்டிலேயே சீர்மரபினர் உரிமைக்கெனத் தனி அமைப்பும் தோன்றிற்று.

உரிமை வழங்குவதிலும் குழப்பம் நேர்ந்தது. அறிவிக்கப்பட்ட குலங்கள் சில மாநிலங்களில் பட்டியல் சாதியிலும், சிலவற்றில் பழங்குடியிலும், சிலவற்றில் பிற்படுத்தப்பட்டோரிலும் சேர்ந்தன; சில எந்தப் பட்டியலிலும் சேரவில்லை. லம்பாடியர் கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர். எல்லை தாண்டித் தெலங்கானாவுக்குச் சென்றால் பழங்குடியினர். எல்லை தாண்டவே கூடாது என்றது பழைய சட்டம். எல்லை தாண்டினால் உரிமை மாறும் என்கிறது புதிய ஏற்பாடு.

நம் காலத்து நீதிமன்றங்கள் பழைய கறைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வருவது ஆறுதல் தருவது. 2014இல் உச்ச நீதிமன்றம் திருநங்கையரின் உரிமைகளை உறுதி செய்தபோது 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொடுமையையும் நினைவுகூர்ந்தது. ஹைதராபாத் சமஸ்தானத்தில் இயற்றப்பட்டு, அதே அச்சில் வார்க்கப்பட்டிருந்த ஒரு சட்டத்தைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2023இல் செல்லாதென அறிவித்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், சிறைக் கையேடுகளில் சாதியை ஒட்டி வேலை பிரித்த விதிகளையும், சீர்மரபினரை இயல்பிலேயே குற்றவாளிகளாகக் கருதிய குறிப்புகளையும் உச்ச நீதிமன்றம் நீக்கிற்று. 1952இல் சட்டநூலிலிருந்து அழிந்த சொல் சிறைக் கையேட்டின் மூலையில் எழுபத்திரண்டு ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்திருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க அளவுகோல்கள் சில உண்டு. ஒரு சட்டம் நம் முன் வரும்போது, அது செய்கையைத் தண்டிக்கிறதா, பிறப்பைத் தண்டிக்கிறதா என்று முதலில் வினவ வேண்டும். அதனால் துன்புறுவோருக்கு நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கிறதா என்று அடுத்து வினவ வேண்டும். சான்று கேட்கிறதா, நம்பிக்கையோடு நின்றுவிடுகிறதா என்றும் வினவ வேண்டும். 1871ஆம் ஆண்டுச் சட்டம் இம்மூன்றிலும் தோற்றது. அதனை இயற்றியவர்கள் கல்வியறிவற்றவர்கள் அல்லர். சட்டக் கலையில் தேர்ந்த அறிஞர்கள். தம் சட்டத்துக்கு ஆளாகப் போகிறவர்களை ஒரு நாளேனும் எதிரில் இருத்தி, அவர்கள் சொல்வதைக் கேளாமல் விட்டதே அவர்களிடம் இருந்த குறை. குடியரசு நாட்டில் அக்குறை நேராது காப்பது சட்டமன்றங்களின் கடமை மட்டுமன்று. அச்சட்டமன்றங்களை அமைக்கும் நம் ஒவ்வொருவரின் கடமையும் ஆகும்.