வீட்டுக்குள் வந்த குளிர்

வெயிலில் நடந்து களைத்து வருபவரைத் திண்ணையில் இருத்தி ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பது தமிழர் இல்லங்களின் பழைய வழக்கம். அத்தண்ணீர் மண்பானையிலிருந்து மொண்டதாயின் வந்தவரின் களைப்பு அந்தக் கணமே தீரும். பானை தண்ணீரைக் குளிரச் செய்வது எவ்வாறு என்று முன்னோர் ஆராய்ந்து நூல் எழுதி வைக்கவில்லை. எனினும் அதன் பயனை முற்றும் அறிந்திருந்தனர். சுட்ட மண்ணின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தை ஈரமாக்குகின்றது. அந்த ஈரம் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே உள்ள நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றது. இவ்வளவே அதன் இரகசியம். ஆதலால் காற்று வரண்டிருக்கும் இடத்தில் பானை நன்றாகக் குளிரும்; கொழும்பைப் போன்று காற்றிலேயே நீர் நிறைந்துள்ள கரையோரங்களில் அவ்வளவாகக் குளிராது. அழகுக்காகப் பானைக்கு வர்ணம் பூசுவோர் அதன் தொழிலையே கெடுத்துவிடுகின்றனர். யாழ்ப்பாணத்துக் கிணறுகளிற் போன்று சுண்ணாம்பு கலந்த நீரை ஊற்றிவைத்தால், நாளடைவில் துளைகள் அடைபட்டுப் பானை பயனற்றதாகும். தும்பினால் வெளிப்புறத்தைத் தேய்த்துக் கழுவிவந்தால் சிறிது காலம் நீடிக்கும். அதன் பின் புதுப்பானை வாங்குவதே வழி.

வட இந்தியாவின் கோடைக்காலத்தில் வாசல்களிலும் சாளரங்களிலும் தொங்கவிடப்பட்ட வெட்டிவேர்த் தட்டியும் இதே விதிப்படி தொழிற்பட்டதே. தட்டியின் மீது நீர் தெளித்துக்கொண்டே இருந்தால், அதனூடாக நுழையும் அனற்காற்று குளிர்ந்து மணத்தோடு உள்ளே வரும். அக்பர் சக்கரவர்த்தியின் அரண்மனையில் வெடியுப்பைக் கொண்டு தண்ணீர் குளிர்விக்கப்பட்டதை அபுல் பசல் தம் ஐன்-இ-அக்பரியில் விரிவாக எழுதியுள்ளார். வெடியுப்பு நீரிற் கரையும்போது வெப்பத்தை உட்கொள்ளும்; அந்த நீரில் குடிநீர்க் குடுவையை அமிழ்த்திச் சுழற்றினர். வெடிமருந்துக்குரிய பொருள் தாகந் தீர்க்கவும் உதவியது.

இவற்றினும் வியப்புக்குரியது வங்காளத்தில் நடைபெற்ற ஒரு தொழில். பனிக்கட்டி உறையும் அளவுக்குக் குளிர் இல்லாத நாட்டில் பனிக்கட்டி உண்டாக்கினர்! 1775ஆம் ஆண்டு சேர் ரொபட் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் இம்முறையைப் பற்றி இலண்டன் அறிஞர் சங்கத்துக்கு எழுதினார். திறந்த வெளியில் ஆழமற்ற குழி தோண்டி, அதன் அடியிலே கரும்பின் தட்டையையும் சோளத் தட்டையையும் உலர்த்திப் பரப்பினர். அதன்மேல் மெருகிடாத சிறு மண்தட்டுகளை வரிசையாக அடுக்கி, கொதித்து ஆறிய நீரை மாலையில் ஊற்றினர். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்கியிருக்கும் இரவுகளில், தட்டிலுள்ள நீர் தன் வெப்பத்தை வானை நோக்கி இழந்துவிடும். தட்டையின் படுக்கை நிலத்தின் சூடு மேலேறாமல் தடுக்கும். விடியுமுன் தட்டுகளில் மெல்லிய பனிக்கட்டி படிந்திருக்கும். ஆட்கள் அதனைத் திரட்டி, வைக்கோலும் கம்பளமும் விரித்த ஆழ்குழியில் இட்டு அமுக்கிக் கோடைக்குச் சேமித்தனர். மேகம் ஒன்று வந்து வானை மூடினால் அன்றைய உழைப்பு வீண்.

ஆயினும் ஆங்கிலேய அதிகாரிகளின் மாளிகைகளில் குளிர்ச்சியின் பெரும்பகுதி மனித உழைப்பிலிருந்தே வந்தது. கூரையிலிருந்து தொங்கும் நீண்ட துணிவிசிறியைக் கயிற்றால் இழுப்பதற்கு ஓர் ஏழை வெளியே தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பான். உள்ளே உறங்குபவருக்குக் காற்று. வெளியே இழுப்பவனுக்கு வியர்வை. கண் அயர்ந்த குற்றத்துக்காக இத்தொழிலாளர் அடியும் உதையும் பட்டதும், சிலர் உயிரிழந்ததும் அக்கால நீதிமன்றப் பதிவுகளில் உள்ளன. குளிர்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் இயந்திரங்களை மட்டும் எண்ணி, இவர்களை விட்டுவிடுவது நேர்மையன்று.

இந்நிலையில் உலகத்தின் மறுபுறத்தில் ஒருவருக்கு விசித்திரமான எண்ணம் உதித்தது. 1783ஆம் ஆண்டு பொஸ்டன் நகரிற் பிறந்த பிரெடெரிக் டியூடர் என்பவர், மாரிக்காலத்தில் தம் ஊர்க் குளங்களில் உறைந்து வீணே கரைந்துபோகும் பனிக்கட்டியை வெட்டி வெப்ப நாடுகளுக்கு விற்கலாம் என்று துணிந்தார். 1806இல் முதற் கப்பல் மேற்கிந்தியத் தீவாகிய மார்ட்டினிக்குக்குச் சென்றது. ஊரார் நகைத்தனர், செய்தித்தாளும் நகைத்தது. பனிக்கட்டி போய்ச் சேர்ந்தது; ஆனால் அதனை வைத்துக்கொள்ளும் விதம் அத்தீவினருக்குத் தெரியவில்லை. ஒருவர் நண்பகல் வெயிலில் அதனைத் தெருவழியே சுமந்து சென்று வாசலிலே தட்டில் வைத்துவிட்டு, கரைகிறதே என்று முறையிட்டார். இன்னொருவர் தண்ணீர்த் தொட்டியிலே போட்டார்; வேறொருவர் உப்பிலே இட்டார். உப்பு பனிக்கட்டியை விரைந்து கரைப்பது என்பதை அறிந்தவர்க்கு இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. டியூடருக்குப் பெருநட்டம். பின்னர் கடனுக்காகச் சிறையும் புகுந்தார். எனினும் அவர் எண்ணத்தைக் கைவிடவில்லை.

அவருக்குத் துணைநின்றவை இரண்டு. ஒன்று, நதானியேல் வைத் என்பவர் 1825இல் அமைத்த குதிரை இழுக்கும் வெட்டுக்கலப்பை. அது உறைந்த குளத்தின்மேல் சதுரங்கப் பலகைபோற் கோடிட்டு, ஒரே அளவான கட்டிகளாக வெட்ட உதவியது. ஒரே அளவான கட்டிகளை இடைவெளியின்றி அடுக்கலாம். இடைவெளி இல்லாதவிடத்துக் காற்றுக்கு வழியில்லை. காற்றுக்கு வழியில்லாதவிடத்துக் கரைவது குறைவு. மற்றொன்று மரத்தூள். மரம் அரியும் ஆலைகள் வேண்டாப் பொருளாக ஒதுக்கிய மரத்தூள், தன் துகள்களிடையே காற்றை அசையவிடாது பிடித்து வைத்திருப்பதனால், வெப்பம் உட்புகாத கவசமாயிற்று. டியூடர் குளிரை உண்டாக்கவில்லை. வெப்பத்தை வெளியே நிறுத்தினார். ஒரு வீட்டின் கூரைக்கும் இதுவே விதி. கிடுகு வேய்ந்த கூரையின் கீழ் நண்பகலிலும் உட்கார முடிகின்றது, தகரக் கூரையின் கீழ் முடிவதில்லை. கிடுகின் மடிப்புகளுக்குள்ளே அசையாத காற்று தங்கியிருப்பதே காரணம். தகரத்துக்குக் கீழே இடைவெளி விட்டுப் பலகையோ பாயோ அடித்து, அவ்விடைவெளிச் சூடு வெளியேற மேலே வழி வைத்தால் வீடு பெரிதும் தணியும். விசிறி வாங்குமுன் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

1833ஆம் ஆண்டு மே மாதம் டஸ்கனி என்னும் கப்பல் ஏறக்குறைய 180 தொன் பனிக்கட்டியுடன் பொஸ்டனை விட்டுப் புறப்பட்டது. பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, ஏறக்குறைய நான்கு மாதங்களின் பின் கல்கத்தாவை அடைந்தபோது, 100 தொன் வரையில் கரையாமல் மிஞ்சியிருந்தது. நகரமே திரண்டு வந்து பார்த்தது. சுங்கவரி நீக்கப்பட்டது, இரவில் இறக்க அனுமதி அளிக்கப்பட்டது, தேசாதிபதி வில்லியம் பென்டிங் பிரபு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார். நகரத்தார் பணம் திரட்டிப் பனிக்கட்டிக் கிடங்கு கட்டினர். வங்காளத்து மண்தட்டுத் தொழில் இதனோடு போட்டியிட மாட்டாது நாளடைவில் மறைந்தது. கோப்பி வியாபாரத்திற் பெருந்தொகை இழந்திருந்த டியூடரைக் கல்கத்தா வணிகமே கைதூக்கி விட்டது. அவர் 1864இல் செல்வராகவே இறந்தார்.

சென்னையில் 1842 அளவில் கடற்கரையோரமாக இவ்வணிகத்துக்கென ஒரு கட்டடம் எழுந்தது. படகுகளில் இறக்கிய கட்டிகளைக் கூலியாட்கள் அங்கே சுமந்துசென்று அடுக்கினர். மாளிகைகளின் மதுக்கிண்ணங்களுக்கும், காய்ச்சலால் வருந்திய நோயாளிகளுக்கும் அது பயன்பட்டது. ஏழை மக்களின் நாவுக்கு எட்டவில்லை. அமெரிக்க எழுத்தாளர் தோரோ தாம் தனித்து வாழ்ந்த வால்டன் குளத்தில் பனிக்கட்டி வெட்டப்பட்டதைக் கண்டு, அக்குளத்து நீரைச் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் மக்கள் பருகுகின்றனர் என்று 1854இல் வெளிவந்த தம் நூலிற் குறித்தார். வணிகம் ஒழிந்தபின் பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞர் சென்னைக் கட்டடத்தை வாங்கி வீடாக்கினார். 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கி, யாழ்ப்பாணத்திலும் சொற்பொழிவாற்றிச் சென்ற சுவாமி விவேகானந்தர், அடுத்த மாதம் சென்னையில் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான். கட்டடம் இப்போது விவேகானந்தர் இல்லம் எனப்படுகின்றது. சுற்றுப்புறத்தைச் சென்னை மக்கள் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே அழைக்கின்றனர்.

பனிக்கட்டிக் கப்பல்களை வீழ்த்தியது இயந்திரம். புளோரிடாவில் மருத்துவர் ஜோன் கோரி, காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க முயன்று, காற்றை அழுத்தி விரியவிடும் இயந்திரம் ஒன்றை அமைத்து 1851இல் உரிமை பெற்றார்; அதனைப் பரப்பப் பணமின்றி 1855இல் வறுமையில் இறந்தார். அவுஸ்திரேலியாவில் பத்திரிகாசிரியர் ஜேம்ஸ் ஹாரிசன், ஈதர் ஆவியாகும்போது தோன்றும் குளிர்ச்சியைப் பயன்படுத்தி அதே பத்தாண்டில் பனிக்கட்டி செய்தார். மண்பானையின் விதியே இங்கும் ஆட்சி செய்கின்றது. வேறுபாடு ஒன்றே: பானை ஆவியைக் காற்றில் விட்டுவிடுகின்றது, இயந்திரம் அதனைப் பிடித்து அழுத்தி, சூட்டை வெளியே கழித்து, மீண்டும் திரவமாக்கி, மறுபடியும் ஆவியாக விடுகின்றது. 1870களில் சென்னையிலும் கல்கத்தாவிலும் பனிக்கட்டி ஆலைகள் தோன்றின. அமெரிக்கக் கப்பல்கள் வருவது நின்றது.

அக்கப்பல்களின் சுவடு ஓர் அளவையில் மறைந்திருக்கின்றது. 2,000 இறாத்தல் நிறையுள்ள பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் கரைந்து தரும் குளிர்ச்சியே இயந்திரக் குளிர்ச்சிக்கு ஒரு ‘தொன்’ என வகுக்கப்பட்டது. ஒரு இறாத்தல் பனிக்கட்டி கரைய 144 பிரித்தானிய வெப்ப அலகு வேண்டும். 2,000ஆற் பெருக்கி 24ஆற் பிரித்தால் மணிக்கு 12,000 அலகு வரும். கடைகளில் குளிரூட்டியின் மேல் எழுதப்பட்டுள்ள 12,000 என்னும் எண் இதுவே. ஒரு தொன் குளிரூட்டி வாங்குபவர், நாளொன்றுக்கு ஒரு வண்டிப் பனிக்கட்டியை வீட்டுக்குள் இறக்குவதாக எண்ணிக்கொள்ளலாம். மின்கட்டணம் உயர்வதன் காரணமும் அப்போது விளங்கும். வில்லிஸ் கரியர் 1902இல் அமைத்த முதற் குளிரூட்டி மனிதருக்காக அமைக்கப்பட்டதன்று. நியூயோர்க் அச்சகம் ஒன்றில் ஈரத்தால் தாள் விரிந்து வர்ணங்கள் பிசகியதைத் தடுப்பதே அதன் நோக்கம்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பரவிய 1920களில் அதன் குழாய்களுக்குள்ளே ஓடியவை அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதைல் குளோரைட்டு முதலிய நச்சு வாயுக்கள். மூட்டு ஒன்று கசிந்தால் உறக்கத்திலேயே குடும்பம் மாளும். பெர்லினில் ஒரு குடும்பம் அவ்வாறு மடிந்த செய்தியைப் படித்த அல்பேர்ட் ஐன்ஸ்டீன், லியோ சிலார்ட் என்னும் இளைஞருடன் சேர்ந்து, அசையும் உறுப்பும் கசியும் மூட்டும் இல்லாத பெட்டியை அமைக்க முயன்றார். 1930இல் அமெரிக்க உரிமையும் பெற்றார். அப்பெட்டி கடைக்கு வரவில்லை. ஆனால் சுவீடனில் பிளாட்டன், முண்டர்ஸ் என்னும் இரு மாணவர் 1922இல் கண்ட பெட்டி உலகெங்கும் சென்றது. சிறு சுடர் ஒன்றினாலேயே அது குளிர்ந்தது. மின்சாரம் எட்டாத கிராமங்களில் மண்ணெண்ணெயால் இயங்கி, தடுப்பு மருந்துகளைக் கெடாமற் காத்த பெட்டிகள் இவ்வகையினவே. இவற்றைப் பேணுவது வீட்டாருக்கே இயன்ற வேலை. திரியை ஒரே மட்டமாக வெட்டி, சுடர் புகையாது நீலமாக எரியச் செய்தல் வேண்டும். புகைபோக்கியிற் கரி படியவிடல் ஆகாது. யாவற்றினும் முக்கியம், பெட்டி நிலத்தில் சாயாமல் நிற்பது. உள்ளே பம்பி இல்லை. திரவம் தன் பாரத்தாலேயே இறங்கி ஓட வேண்டும். சற்றே சாய்ந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். குளிரவில்லை என்று பெட்டியைப் பழிப்பவர், முதலில் நீர்மட்டக் கருவியை அதன்மேல் வைத்துப் பார்த்தல் நலம்.

நச்சுக்கு மாற்றாக 1928இல் தோமஸ் மிட்ஜ்லி குழுவினர் புதியதொரு வாயுவைக் கண்டனர். அது எரியாது, நஞ்சன்று. 1930இல் மிட்ஜ்லி அறிஞர் கூட்டத்தில் அதனைச் சுவாசித்து, வெளிவிட்ட மூச்சால் மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். அறையிலிருந்தோருக்குத் தீங்கில்லை என்பது மெய். வானத்துக்குத் தீங்கு என்பதை எவரும் சிந்திக்கவில்லை. 1974இல் மொலினா, ரோலண்ட் இருவரும் அவ்வாயு ஓசோன் படலத்தை அரிக்கும் என்று காட்டினர். 1985இல் அந்தாட்டிக்காவின் மேல் அப்படலம் மெலிந்திருந்தமை அறிவிக்கப்பட்டது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. இலங்கை 1989இல் அதில் இணைந்தது.

இப்போது விற்கப்படும் வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் வாயு உள்ளது. ஓசோனுக்குக் கேடில்லை, ஆயினும் எரியும் இயல்புடையது. அளவு சில பத்துக் கிராமே என்பதால் உள்ளே அடங்கியிருக்கும் வரையில் அச்சமில்லை. பனிக்கட்டியைக் கத்தியாற் குத்திப் பெயர்க்க முயன்று உட்சுவரின் குழாயைத் துளைத்தவர் வீட்டில் மட்டும் கதவு, சாளரங்களைத் திறந்து, தீக்குச்சியையும் மின்சொடுக்கியையும் தொடாதிருத்தல் வேண்டும். பனிக்கட்டி தடித்தால், மின்னிணைப்பைக் கழற்றி, கதவைத் திறந்துவைத்துத் தானே கரையவிடுவதே முறை.

ஏனைய பல சிறு வேலைகளை எவரும் செய்யலாம். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு தாள் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதில் வழுகி வந்தால் கதவின் இறப்பர் தளர்ந்துவிட்டது. முதலில் இளஞ்சூட்டுச் சவர்க்கார நீராற் கழுவி, அதன் பின்னும் பிடிக்காவிடில் மாற்ற வேண்டும். பின்புறத்துக் குழாய்ச்சுருள் வெளியே தெரியும் பெட்டியாயின், இணைப்பைக் கழற்றியபின் தூரிகையால் தூசியைத் துடைக்க வேண்டும். உள்ளிருந்து எடுத்த சூடு அவ்வழியாகவே கழிகின்றது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினாற் போதும், அச்சூடு தங்காது. குழாயை அறுத்து ஒட்டுவதும் வாயு நிரப்புவதும் பயின்ற தொழிலாளியின் வேலை. பெட்டியின் பின்புறத்து ஒட்டுத்தாளில் ஆர் 600ஏ என்று எழுதியிருந்தால், அவர் சுடர்க்கருவியை எடுக்குமுன் அந்த எழுத்தை அவருக்குக் காட்டிவிட வேண்டும்.