மறு கையைக் கேட்ட கடிகாரங்கள்

1970 மே மாதம் அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் நியூயார்க்கில் ஒரு கைக்கடிகாரத்தை உலகுக்குக் காட்டியது. அதற்கு முள் இல்லை. சுழலும் சக்கரங்களும் இல்லை. கருஞ்சிவப்பான அதன் முகப்பு வெறுமனே இருண்டு கிடந்தது. பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினால் சிவந்த எண்கள் ஒரு நொடிக்குச் சற்றே கூடுதலாக ஒளிர்ந்து மறைந்தன. நொடிகளையும் அறிய வேண்டுமெனில் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 'பல்சர்' எனப் பெயரிடப்பட்ட இக்கடிகாரம் 1972 ஏப்ரலில் 18 காரட் பொன்னுறையில் கடைக்கு வந்தது. விலை 2,100 டாலர். அன்றைய அமெரிக்காவில் ஒரு சிறிய கார் வாங்கப் போதுமான தொகை அது.

திறன்கடிகாரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றனர். பல்சர், கணிப்பான் கடிகாரம், தொலைக்காட்சிக் கடிகாரம், கணினியோடு பேசிய கடிகாரம் என ஒவ்வொன்றும் இன்றைய ஆப்பிள் கடிகாரத்தை நோக்கி எடுத்து வைக்கப்பட்ட ஒரு படியாக இவ்வரலாற்றில் அடுக்கப்படுகிறது. முடிவை முன்கூட்டியே அறிந்தவர் பின்னோக்கி எழுதும் வரலாறு இது. கருவியின் உள்ளே எத்தனை சில்லுகள், எவ்வளவு நினைவகம் என்பதை அது துல்லியமாகச் சொல்லும். அதைக் கட்டியிருந்தவரின் உடலைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. குறிப்பாக, கடிகாரம் கட்டாத மறு கை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி அதில் எழுவதே இல்லை.

கடிகாரம் சட்டைப்பையை விட்டு மணிக்கட்டுக்கு வந்ததன் காரணமே கையை விடுவிப்பதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மணிக்கட்டுக் கடிகாரம் மேலைநாட்டுப் பெண்களின் அணிகலனாகவே கருதப்பட்டது. ஆண்கள் சங்கிலியில் கோத்த பைக்கடிகாரத்தை வைத்திருந்தனர். போயர் போரிலும் முதல் உலகப் போரிலும் அந்நிலை மாறியது. துப்பாக்கியையோ குதிரையின் கடிவாளத்தையோ பற்றியிருப்பவரால் பையைத் துழாவிக்கொண்டிருக்க இயலாது. 1904இல் விமானி சாந்தோஸ் துமோனுக்காகக் கார்த்தியே உருவாக்கிய கடிகாரத்தின் கதையும் இதையே கூறுகிறது: பறக்கையில் அவருக்கு இரு கைகளும் தேவைப்பட்டன. ஆக, கைக்கடிகாரத்தின் அடிப்படை ஒப்பந்தம் இது: கட்டியவர் கண்ணை மட்டும் கொடுத்தால் போதும்.

பல்சர் முறித்தது அந்த ஒப்பந்தத்தைத்தான். இது வடிவமைப்பாளரின் விளையாட்டன்று, மின்கலத்தின் நிர்ப்பந்தம். ஒளியுமிழ் டையோடுகள் மின்சாரத்தை மிகுதியாக விழுங்குபவை. இடைவிடாது எரியவிட்டால் சிறிய மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். எனவே முகப்பை அணைத்து வைத்துவிட்டு, வேண்டும்போது மட்டும் ஏற்றினர். விளைவு, இடக்கையில் இருக்கும் நேரத்தை அறிய வலக்கை வர வேண்டியதாயிற்று. பேருந்தில் கம்பியைப் பற்றி நிற்பவர், இடுப்பில் குழந்தையை வைத்திருப்பவர், கார் ஓட்டுபவர், ஒரு கையை இழந்தவர் ஆகியோருக்கு அது கடிகாரமே அன்று. சாவி கொடுக்கும் பழைய கடிகாரமும் மறு கையைக் கேட்டதே என்று ஒருவர் கேட்கலாம். அது நாளுக்கு ஒரு முறை கேட்டது. பல்சர் ஒவ்வொரு பார்வைக்கும் கேட்டது.

பார்வை என்ற சொல்லையே இங்குச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். தமிழில் 'மணி பார்க்கிறோம்', படிப்பதில்லை. 'ஒன்பதே முக்கால்' என்னும்போது வட்டத்தில் முக்கால் பங்கு கடந்த முள் மனத்தில் நிற்கிறது. கால், அரை, முக்கால் என்னும் பின்னங்கள் கடிகாரத்தைவிட மிகப் பழையவை என்றாலும், முள்முகப்பின் வடிவியலோடு அவை இயல்பாகப் பொருந்திக்கொண்டன. எண்முகப்போ 9:45 என்ற எண்ணைத் தருகிறது. அதை முக்காலாக்கும் வேலை பார்ப்பவருடையது. முள்ளை ஓரக்கண்ணால் அறியலாம், எண்ணைப் படித்தாக வேண்டும்.

விலைச்சரிவின் கதை விரைவில் முடிந்துவிடக்கூடியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1976இல் நெகிழி உறையிட்ட கடிகாரத்தை 20 டாலருக்கும், அடுத்த ஆண்டே 10 டாலருக்கும் விற்றது. மைக்ரோமா என்ற கடிகார நிறுவனத்தை வாங்கியிருந்த இன்டெல், 1970களின் இறுதிக்குள் அத்தொழிலைவிட்டே வெளியேறியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான கார்டன் மூர் தம் பழைய மைக்ரோமாவை நெடுங்காலம் கட்டிக்கொண்டு, அது தம்முடைய ஒன்றரைக் கோடி டாலர் கடிகாரம் என்று சொல்லி வந்தாராம். பல்சர் என்ற பெயரும் சைக்கோவின் கைக்குப் போனது. இச்சரிவுக்கு மலிவான போட்டியே காரணம் என்பர். அது பாதி உண்மை. 1973இல் சைக்கோ வெளியிட்ட ஆறு இலக்க நீர்மப் படிகக் கடிகாரம் வெளியிலிருந்து விழும் ஒளியையே பயன்படுத்தியது. அதனால் மிகக் குறைந்த மின்சாரத்தில் நாள் முழுதும் நேரம் காட்டியது. பொத்தான் தேவைப்படவில்லை. மக்கள் நாடியது மலிவை மட்டுமன்று, கையின் விடுதலையையும்தான் என்று கொள்ள இடமிருக்கிறது.

ஆனால் விந்தையை நாடிய கடிகாரங்கள் மறு கையை விடவில்லை. ஹியூலெட்-பேக்கர்டு 1977இல் வெளியிட்ட எச்பி-01 இவற்றுள் மிக அறிவார்ந்தது. முகப்பில் 28 விசைகள். அவற்றுள் பெரும்பாலானவை விரல்நுனியைவிடச் சிறியவை என்பதால், அழுத்துவதற்கென ஒரு குச்சி பட்டையின் கொக்கிக்குள் செருகப்பட்டிருந்தது. இதைக் கடிகாரத்தோடு ஒட்டவைத்த கணிப்பான் என்று ஒதுக்குவது பிழை. நேரத்தையே அது கணக்கின் ஓர் உறுப்பாக ஆக்கியது. தொலைபேசி அழைப்பின் நிமிடக் கட்டணத்தை உள்ளிட்டு நிறுத்துகடிகாரத்தை ஓடவிட்டால், பேசப்பேச ஏறும் தொகை முகப்பில் மாறிக்கொண்டே வரும். காலத்தைப் பணமாகக் காட்டிய அக்கருவிக்கு இன்றுவரை சரியான வாரிசு இல்லை. முன்னோடி வரலாற்றில் அதற்குரிய இடம் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

சைக்கோ 1982இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தொலைக்காட்சிக் கடிகாரமோ முழு உடலையும் கேட்டது. மணிக்கட்டில் 1.2 அங்குலத் திரை, அலைவாங்கி சட்டைப்பையில், இரண்டையும் இணைக்கும் கம்பி, காதில் கேட்பொறி. கட்டியவரே கருவியின் சட்டகமாக நிற்க வேண்டியிருந்தது.

1994இல் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து டைமெக்ஸ் வெளியிட்ட டேட்டாலிங்க் வேறு வழியை நாடியது. மணிக்கட்டு எழுதும் இடமன்று என்பதை அதன் வடிவமைப்பாளர்கள் ஏற்றுக்கொண்டிருந்தனர். முகவரிகளையும் நினைவூட்டல்களையும் கணினியில் தட்டச்சிட்டுவிட்டு, கடிகாரத்தைத் திரைக்கு நேரே காட்டினால் போதும். திரையில் மின்னும் கோடுகளைக் கடிகாரத்தின் சிறு ஒளியுணரி படித்துக்கொள்ளும். கம்பியும் இல்லை, தனிப்பெட்டியும் இல்லை. ஆனால் எதிர்மின்கதிர்க் குழாய்த் திரை வரிவரியாக ஒளிர்வதையே அம்முறை நம்பியிருந்தது. மடிக்கணினியின் நீர்மப் படிகத் திரை அவ்வாறு ஒளிர்வதில்லை. அதற்குத் தனி இணைப்பி தேவைப்பட்டது. பழைய திரைகள் மறையவே அந்நுட்பமும் மறைந்தது. கடிகாரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அது யாரோடு பேசியதோ அவர் போய்விட்டார்.

மறு கையைக் கேட்பது எப்போதும் குறையாகிவிடாது என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று உண்டு. எச்.எம்.டி. தயாரித்த பிரெய்ல் கடிகாரத்தில் மூடியைத் திறந்து விரலால் முள்ளைத் தடவி நேரம் அறிய வேண்டும். அங்கே மறு கை கண்ணின் பணியைச் செய்கிறது. அதற்காகவே அக்கருவி வடிவமைக்கப்பட்டது. பல்சரில் கை செய்தது கண்ணின் பணியன்று, மின்கலத்துக்கான ஊழியம்.

இந்தக் கோணத்தில் நோக்கினால் ஆப்பிள் கடிகாரத்துக்கும் பல்சருக்கும் உள்ள உறவு திறனால் ஏற்பட்டதன்று, குறையால் ஏற்பட்டது. கையைச் சட்டெனத் திருப்பினால் தானே ஒளிரும் ஏற்பாடு பிற்காலப் பல்சர்களில் சேர்க்கப்பட்டது; பொத்தானின் தொல்லையை நிறுவனமே உணர்ந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. 2015இல் வந்த ஆப்பிள் கடிகாரத்தின் திரையும் இருண்டே கிடந்தது. கையை உயர்த்தினால் விழித்தது. காரணமும் அதே மின்கலம்தான். எப்போதும் நேரம் காட்டும் திரை 2019இல்தான் அதற்குக் கிடைத்தது. முந்தைய நூற்றாண்டில் சில டாலர் நெகிழிக் கடிகாரம் எளிதாகச் செய்துவந்த வேலை அது.

2020இல் ஹாமில்டன் தன் பழைய பல்சரின் உருவத்தை மீட்டு 'பிஎஸ்ஆர்' என்ற பெயரில் வெளியிட்டது. அதே வளைந்த உறை, அதே சிவந்த எண்கள், பக்கத்தில் அதே பொத்தான். ஆனால் அதன் முகப்பில் நீர்மப் படிகமும் ஒளியுமிழ் திரையும் இணைந்திருக்கின்றன. அழுத்தாமலேயே நேரம் எப்போதும் மங்கலாகத் தெரிகிறது. பொத்தானை அழுத்தினால் எண்கள் பளிச்சென ஒளிரும்.