நெருப்பு மட்டும்

ஜப்பானின் தென்கோடியில், இன்றைய ககோஷிமா பகுதியில், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட சில தேநீர்க் கிண்ணங்களுக்கு 'ஹிபகரி' என்று பெயர். 'நெருப்பு மட்டும்' என்று பொருள். கிண்ணத்தின் மண் கொரியாவிலிருந்து கப்பலில் வந்தது. மேலே பூசிய மெருகுக்கான பொருளும் அங்கிருந்து வந்ததுதான். வனைந்தவர்களும் கொரியர்கள். சூளையில் எரிந்த நெருப்பு மட்டும்தான் ஜப்பானுடையது.

ஒரு கலைப்பொருளுக்கு இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைத்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எது யாருடையது என்று கணக்குப்பிள்ளை எழுதிய சிட்டை மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தச் சிட்டையில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. மண் கப்பலில் வந்தது, சரி. வனைந்தவர்கள் எப்படி வந்தார்கள்?

1592-ல் தொயோதோமி ஹிதெயோஷி கொரியாவின் மீது படையெடுத்தார். அவருடைய இலக்கு சீனா, கொரியா அதற்கான வழி. கியூஷு தீவின் வடமேற்கு மூலையில், இன்றைய கரட்சு நகர எல்லைக்குள், நகோயா என்ற கோட்டையைக் கட்டி அங்கிருந்து படைகளை அனுப்பினார். (நமக்குத் தெரிந்த பெரிய நகரமான நகோயா வேறு, இது வேறு.) 1597-ல் இரண்டாவது படையெடுப்பு. 1598-ல் ஹிதெயோஷி இறந்துபோக, படைகள் திரும்பின. வெறுங்கையோடு திரும்பவில்லை. புத்தகங்கள், அச்சு எழுத்துகள், அறிஞர்கள், பெண்கள், சிறுவர்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திரும்பின. பிடித்துக்கொண்டு போனவர்களின் எண்ணிக்கையை 20,000 என்பவர்களும் உண்டு, ஒரு லட்சத்துக்கும் மேல் என்பவர்களும் உண்டு. சிலர் நாகசாகியில் போர்த்துகீசிய வணிகர்களுக்கு அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அங்கே ஐந்து கொரியர்களை விலைக்கு வாங்கிய இத்தாலிய வணிகர் பிரான்செஸ்கோ கார்லெத்தி, அவர்களை நம்முடைய கோவா வரை கூட்டிவந்து விடுவித்ததாகத் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்தக் கப்பல்களில் குயவர்களும் இருந்தார்கள். அதனால் இந்தப் போருக்கு ஜப்பானில் 'பாண்டப் போர்' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு.

குயவர்களை ஏன் கடத்த வேண்டும்? காரணம் தேநீர். அந்த நூற்றாண்டில் ஜப்பானியப் பிரபுக்களிடையே தேநீர் அருந்துவது அரசியலாகியிருந்தது. யார் வீட்டில் எந்தக் கிண்ணம் இருக்கிறது என்பது, யாரிடம் எத்தனை குதிரை இருக்கிறது என்பதற்குச் சமமான கேள்வி. சென் நோ ரிக்யூ போன்ற தேநீர் ஆசான்கள் சீனத்தின் பளபளப்பான கிண்ணங்களை விட்டு, எளிமையான, கொஞ்சம் கோணலான கிண்ணங்களின் பக்கம் ரசனையைத் திருப்பினார்கள். நம் இன்ஸ்டாகிராம் ரீல்களில் 'வாபி-சாபி' என்று வருகிறதே, அதன் மூலம் இதுதான். அந்த ரசனைக்குப் பொருந்திய கிண்ணங்களில் பல கொரியாவில் செய்யப்பட்டவை. இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷமாக இருக்கும் 'கிசாயெமோன்' கிண்ணம் கொரியாவில் வனையப்பட்டது. ஒரு சாதாரணக் குயவர் சாதாரண மக்களுக்காகச் செய்தது என்று யனகி சோயெத்சு அதைக் கொண்டாடி எழுதினார். கிண்ணம் இவ்வளவு மதிப்பு என்றால், செய்கிற ஆளையே கொண்டுவந்துவிட்டால்? கியூஷுவின் பிரபுக்கள் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள்.

இன்று ஜப்பான் போகிறவர்களின் பட்டியலில் கிமோனோ, ராமென், தேநீர்ச் சடங்கு என்ற வரிசையில் மண்பாண்ட வகுப்பும் சேர்ந்துவிட்டது. கியோத்தோவின் கொஜோசாகா பகுதியில் அப்படிப் பல கடைகள். அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில் 'காது மேடு' என்ற புல் மூடிய குன்று இருக்கிறது. பெயர்தான் காது. உள்ளே புதைந்திருப்பவை பெரும்பாலும் மூக்குகள். அதே போரில், எத்தனை பேரைக் கொன்றோம் என்று கணக்குக் காட்ட, கொரியர்களிடமிருந்து அறுத்து உப்பிட்டு அனுப்பிய பல்லாயிரம் மூக்குகள். கையில் மண்ணோடு போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களில் மிகச் சிலரே அந்தப் பக்கம் போகிறார்கள்.

நான் வகுப்புக்குப் போனது கியூஷுவின் அரிதாவில். பீங்கான் ஊர். இரண்டு மணி நேரம், ஒரு ஏப்ரன், ஒரு உருண்டை வெள்ளை மண். முதலில் மண்ணைப் பிசைந்து காட்டினார்கள். பிசையப் பிசைய அது சாமந்திப்பூ இதழ் மாதிரி மடிப்பு மடிப்பாக வரும். அதனால் அதற்குப் பெயரே 'சாமந்திப் பிசைதல்'. உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றத்தான் இந்தப் பாடு. காற்றுக்குமிழ் தங்கினால் சூளையில் பாண்டம் விண்டுவிடலாம். அடுத்து சக்கரம். கற்றுக்கொடுத்த பெரியவர் மின்சக்கரத்தின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தார். வலம், இடம் என்று இரண்டு திசை. அவர் இடத்தில் வைத்தார்.

எந்தப் பக்கம் சுற்றினால் என்ன என்று போனில் மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டிக் கேட்டேன். "செத்தோவிலும் மற்ற ஊர்களிலும் வலம். இங்கே இடம். இது கொரியாவிலிருந்து வந்த வழக்கம்" என்றார். அவ்வளவுதான். ஊர்ப்பக்கம் கிணற்று நீரின் ருசியைச் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொல்லிவிட்டு என் கட்டைவிரலை மண்ணின் நடுவில் வைத்து அழுத்தினார்.

ஜப்பானில் மண்பாண்டம் புதிதல்ல. ஜோமோன் காலத்துப் பாண்டங்களுக்குப் பத்தாயிரம் வருடத்துக்கும் மேல் வயது. செத்தோவில் கையால் சுழற்றும் சக்கரத்தில் நல்ல பாண்டங்கள் செய்துகொண்டுதான் இருந்தார்கள். கொரியக் குயவர்கள் கியூஷுவில் பரப்பியது, காலால் உதைத்துச் சுற்றும் சக்கரத்தை. கால் சுற்றினால் இரண்டு கையும் மண்ணுக்கே. கூடவே மலைச்சரிவில் அறை அறையாக ஏறும் நீளச் சூளை. அதற்குப் பிறகு வந்ததுதான் பீங்கான். அன்றைய ஐரோப்பாவில் யாருக்கும் செய்யத் தெரியாத, சீனாவும் கொரியாவும் மட்டும் அறிந்திருந்த பொருள்.

பீங்கானுக்குச் சாதாரணக் களிமண் உதவாது. அதற்கென்று ஒரு கல் வேண்டும், அதை இடித்து மாவாக்க வேண்டும். அந்தக் கல்லை அரிதாவின் இஸுமியாமா குன்றில் 1616-ல் யி சாம்-ப்யோங் என்ற கொரியக் குயவர் கண்டுபிடித்தார் என்பது ஊர் வரலாறு. நபெஷிமா பிரபுவின் படையோடு ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டவர். குன்றில் பாதி இன்று இல்லை. நானூறு வருடமாக வெட்டி வெட்டி, கிண்ணமாகவும் தட்டாகவும் உலகெங்கும் போய்விட்டது. ஹ்யாகுபாசென் என்று அழைக்கப்பட்ட ஒரு பெண்ணும் இந்தக் கதையில் உண்டு. குயவரான கணவர் இறந்த பிறகு, சுமார் 900 பேர் கொண்ட தன் கூட்டத்தோடு அரிதாவுக்கு இடம்பெயர்ந்து சூளை நடத்தியவர். 1656-ல் தன் 96-ஆவது வயதில் இறந்தார்.

1637-ல் நிலைமை விசித்திரமாகத் திரும்பியது. சூளைகள் விறகைத் தின்று மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. நபெஷிமா ஆட்சி, பாண்டத் தொழிலிலிருந்து 826 ஜப்பானியர்களை வெளியேற்றி, சூளைகளைக் குறைத்து, தொழிலைப் பெரும்பாலும் கொரியர்கள் கையிலேயே விட்டது. பிடித்துவந்தவர்களை வைத்துக்கொண்டு சொந்த ஊர்க்காரர்களைத் துரத்தியது. இரக்கமெல்லாம் காரணமில்லை, யார் செய்தால் நன்றாக விற்கிறது என்பதுதான் காரணம். சீனாவில் மிங் வம்சம் சரிந்து அங்கிருந்து ஏற்றுமதி தடைப்பட்டபோது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அரிதாவின் பக்கம் திரும்பியது. 1659-ல் ஒரே வருடத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளுக்கு ஆர்டர் கொடுத்தது.

ஏன் திரும்பிப் போகவில்லை? போக வாய்ப்பே இல்லாமலில்லை. 1607, 1617, 1624 ஆகிய ஆண்டுகளில் கைதிகளை மீட்டுப்போகவே கொரிய அரசு தூதுக்குழுக்களை அனுப்பியது. சில ஆயிரம் பேர் திரும்பினார்கள். குயவர்களில் திரும்பியவர்கள் குறைவு. பிரபுக்கள் அவர்களை எளிதில் விடவில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது: கொரியாவில் குயவர் கீழ்நிலைத் தொழிலாளி. அரசுச் சூளையில் பரம்பரையாக உழைக்க வேண்டும், பெயர் எங்கும் பதியாது. யி சாம்-ப்யோங் தன் ஊரிலேயே இருந்திருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அரிதாவில் அவருக்கு 1917-ல் நினைவுத்தூண் எழுப்பினார்கள். தொஸான் ஆலயத்தில் அவர் தெய்வமாகவே இருக்கிறார். அதே ஆலயத்தில், அதே வரிசையில், அவரைக் கொண்டுவந்த நபெஷிமா பிரபுவும் தெய்வம்தான். பிடித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் ஒரே கும்பிடு.

இதை வைத்து 'நல்லதுதானே நடந்திருக்கிறது' என்று யாராவது சொன்னால் அவர்களைத் தெற்கே, நான் முதலில் சொன்ன ககோஷிமாவுக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே நயெஷிரோகவா என்ற கிராமம், இன்றைய பெயர் மியாமா. கொரியாவின் நாம்வோன் கோட்டை 1597-ல் விழுந்தபோது ஷிமாஸு படை பிடித்துவந்த குயவர்கள் இங்கே குடியமர்த்தப்பட்டார்கள். ஆட்சி அவர்களுக்குக் கௌரவமான அந்தஸ்து கொடுத்தது. கூடவே ஒரு உத்தரவும் போட்டது: கொரியப் பெயரை மாற்றக் கூடாது, கொரிய உடையை விடக் கூடாது, மொழியை மறக்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாகக் கொரியாவையே பார்த்திராதவர்கள், பிரபு வரும்போது கொரிய உடையில் நின்று வணங்க வேண்டும். 'பாரம்பரியத்தைக் காப்பாற்றுவது' என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு.

பிறகு மெய்ஜி ஆட்சி வந்து அந்த அந்தஸ்தைப் பறித்தது. அதே பெயர் இப்போது சுமையானது. 1882-ல் இந்தக் கிராமத்தில் பாக் என்ற குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. நான்கு வருடம் கழித்து அப்பா குடும்பப் பெயரை தோகோ என்று மாற்றினார். அந்தக் குழந்தைதான் தோகோ ஷிகெனோரி. 1941-ல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோதும், 1945-ல் ஜப்பான் சரணடைந்தபோதும் வெளியுறவு அமைச்சர். சரணடைவதற்காக அமைச்சரவையில் வாதாடியவர். போர்க்குற்ற வழக்கில் தண்டனை பெற்று, காவலில் இருந்தபடியே 1950-ல் இறந்தார். கொரியா ஜப்பானின் காலனியாக இருந்த காலத்தில், கொரியக் குயவர்களின் வழிவந்த ஒருவர் அந்தப் பேரரசின் குரலாக உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

மென்பொருள் வேலையில் 'கிட் பிளேம்' என்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டும். பழைய குறிமுறையைப் புது இடத்துக்கு மாற்றும்போது வரலாற்றை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் நகலெடுத்தால், எல்லா வரியும் நகலெடுத்தவர் பெயரிலேயே காட்டும். 'பாரம்பரிய ஜப்பானிய அனுபவம்' என்ற விளம்பரப் பலகை அப்படி ஒரு நகல். ஆனால் அரிதாவில் அந்தப் பெரியவர் எதையும் மறைக்கவில்லை. கேட்டவுடன் சொன்னார். கேட்காதவர்களுக்கும் ஸ்விட்ச் இடப்பக்கமே இருக்கும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிவிடுவோம். கிண்ணத்தைக் காயவைத்து, அடிசீவி, மெருகு பூசி, சுட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் தபாலில் அனுப்புவார்கள். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு வகை ஹிபகரிதான். வெளிநாட்டுக் கை, ஜப்பானிய நெருப்பு. நம் பையில் திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அரிதாவுக்குப் பக்கத்தில் ஒகாவாச்சியாமா என்ற ஊர். நபெஷிமா பிரபுக்களின் தனிச்சூளை இருந்த இடம். தொழில் ரகசியம் வெளியே போகக் கூடாது என்று மூன்று பக்கமும் மலை சூழ்ந்த இடமாகப் பார்த்து, வழியில் காவலும் வைத்திருந்தார்கள். அங்கே உறவினர் இல்லாத குயவர்களின் பழைய கல்லறைக் கற்கள் 800-க்கும் மேற்பட்டவற்றைச் சேர்த்து ஒரு கோபுரமாக அடுக்கியிருக்கிறார்கள். யி சாம்-ப்யோங்குக்குத் தூண் இருக்கிறது. இவர்களுக்குக் கற்குவியல்.

1998-ல், குயவர்கள் வந்திறங்கி 400 வருடம் ஆனதை மியாமா கொண்டாடியது. ஷிம் சு-க்வான் என்ற பெயரைத் தாங்கிய பதினான்காம் தலைமுறைக் குயவர் அதற்கு முன்னின்றார். அவர்கள் கொரியாவின் நாம்வோனுக்குப் போய், முன்னோர்கள் பிடிபட்ட அந்த ஊரில் தீ மூட்டி, அதை அணையாமல் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். இந்த முறை மண் ஜப்பானுடையது. வனைந்த கைகளும் ஜப்பானில் பிறந்து வளர்ந்தவை.

நெருப்பு மட்டும் கொரியாவிலிருந்து வந்தது.