குவாட்டர்னியனிலிருந்து பிரிந்த குறுக்குப் பெருக்கல்

இரண்டு வெக்டர்களைப் பெருக்கி, இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாவது வெக்டரைப் பெறுவது குறுக்குப் பெருக்கல். அவற்றைப் பக்கங்களாகக் கொண்ட இணைகரத்தின் பரப்பே அந்த மூன்றாவது வெக்டரின் நீளம். இதன் கூறுகளை லக்ராஞ்சு 1773-லேயே, நான்முகி பற்றிய ஆய்வில் எழுதிவிட்டார். ஆனால் அவர் கையாண்டவை ஆயத்தொலைவுகளின் கோவைகள். அவற்றை ஒரு பெருக்கலின் விடையாகக் காணும் பார்வை பின்னால்தான் வந்தது.

அது வந்த இடம் டப்ளின். மும்மூன்றாக அமைந்த எண்களைப் பெருக்க வழி தேடி வில்லியம் ரோவன் ஹாமில்டன் பல ஆண்டுகள் போராடினார். 1843 அக்டோபர் 16 அன்று மனைவியுடன் ராயல் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, மூன்று கூறுகள் போதா, நான்கு வேண்டும் என்பது புலப்பட்டது. புரூம் பாலத்தின் கல்லிலேயே சமன்பாட்டைக் கீறிவைத்தார். இப்படிப் பிறந்த எண்கள்தாம் குவாட்டர்னியன்கள். ஐ, ஜே, கே என்னும் அலகுகள் ஒவ்வொன்றின் வர்க்கமும் −1. ஐ-யை ஜே-யால் பெருக்கினால் கே. வரிசையை மாற்றினால் −கே. வரிசை மாறினால் விடையும் மாறும் ஒரு பெருக்கலை ஏற்கத் துணிந்ததே ஹாமில்டனின் பெரும் சாதனை.

(2, 3, 1), (1, 0, 4) என்ற வெக்டர்களின் கூறுகளை ஐ, ஜே, கே ஆகியவற்றின் கெழுக்களாகக் கொண்டு, இவ்விதிப்படி உறுப்பு உறுப்பாகப் பெருக்கினால் −6 என்ற எண்ணும் (12, −7, −3) என்ற வெக்டரும் சேர்ந்தே கிடைக்கின்றன. எண்ணின் குறியை மாற்றினால் 6. அது புள்ளிப் பெருக்கல். வெக்டர் பகுதிதான் குறுக்குப் பெருக்கல். அதன் முதற்கூறு 3×4 − 1×0 = 12; இரண்டாவது 1×1 − 2×4 = −7; மூன்றாவது 2×0 − 3×1 = −3. இதை முதல் வெக்டருடன் புள்ளிப் பெருக்கினால் 24 − 21 − 3. இரண்டாவதுடன் 12 + 0 − 12. இரண்டும் சுழி என்பதால் செங்குத்துத்தன்மை உறுதியாகிறது. இணைகரத்தின் பரப்பு √202, ஏறத்தாழ 14.2.

ஒட்டிப் பிறந்த புள்ளிப் பெருக்கலையும் குறுக்குப் பெருக்கலையும் பிரித்துத் தனித்தனியே நிறுத்தியது மின்காந்தவியலின் தேவை. மாக்ஸ்வெல்லின் 1873ஆம் ஆண்டு நூலைப் படித்த யேல் பேராசிரியர் வில்லார்டு கிப்ஸ், இயற்பியலுக்கு வேண்டியவை அந்த இரு பகுதிகளே, முழு குவாட்டர்னியன் அன்று என்று கண்டார். 1881-லும் 1884-லும் மாணவர்களுக்காகத் தாமே அச்சிட்ட குறிப்புகளில் புள்ளியையும் பெருக்கல் குறியையும் தனித்தனிச் செயல்களுக்கு ஒதுக்கினார். இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடும் அதே நூலிலிருந்து தொடங்கி, தனியே இதே முடிவுக்கு வந்தார். ஒரு வெக்டரின் வர்க்கம் எதிர்க்குறி பெறுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது: வேகத்தின் வர்க்கம் எதிர்க்குறி பெற்றால் இயக்க ஆற்றலுக்கும் அதே குறி வந்துசேரும்.

ஹாமில்டனின் வழிவந்த டெயிட் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. 1890களின் தொடக்கத்தில் ‘நேச்சர்’ இதழில் இரு தரப்பும் காரசாரமாக மோதின. டெயிட்டின் ஆட்சேபத்திலும் உண்மை உண்டு: குவாட்டர்னியன்களை வகுக்கலாம், குறுக்குப் பெருக்கலுக்கு வகுத்தல் கிடையாது. ஆனாலும் கணக்கிடுவோருக்கு எளிய வழியே வென்றது. கிப்ஸின் விரிவுரைகளை வைத்து எட்வின் பிட்வெல் வில்சன் எழுதிய வெக்டர் பகுப்பாய்வு நூல் 1901-ல் வெளியாகி, அக்குறியீட்டைப் பாடநூல்களுக்குள் கொண்டுசென்றது.