பழுப்புக் கொழுப்பு

உணவில் கிடைத்த ஆற்றலைச் சேர்த்து வைக்காமல் எரித்து வெப்பமாக்கும் திசு. பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் படிந்திருக்கும் இந்தக் கொழுப்புதான் அதன் உடல்சூட்டைக் காக்கிறது. இரும்புச்சத்து கொண்ட மைட்டோகாண்ட்ரியாக்கள் செறிந்திருப்பதால் பழுப்பு நிறம்.

சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னர் 1551இல், குளிர்காலம் முழுக்க உறங்கும் மர்மோட் என்ற மலை விலங்கில் இதைக் கண்டு, கொழுப்பும் அல்லாத தசையும் அல்லாத ஒன்று என்று எழுதினார். அதன் பிறகு நெடுங்காலம் இது ஒரு சுரப்பி என்றே கருதப்பட்டது. வெப்பம் உண்டாக்குவதே இதன் வேலை என்பது 1960களில்தான் தெளிவானது. அந்த வேலையைச் செய்யும் யூசிபி1 என்ற புரதம் 1970களின் இறுதியில் அடையாளம் காணப்பட்டது.

தோலில் குளிர் பட்டதும் மூளையின் ஹைப்போதலாமஸ் விழித்துக்கொள்கிறது. பரிவு நரம்புகளின் முனைகள் நார்அட்ரினலினைச் சுரக்கின்றன. அது உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள பீட்டா-3 ஏற்பியில் பொருந்த, உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு பெருகுகிறது. அது புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதியை முடுக்கிவிட, கொழுப்புத் துளிகள் கொழுப்பு அமிலங்களாக உடைகின்றன. இந்த அமிலங்களே எரிபொருள். யூசிபி1 கதவைத் திறக்கும் சாவியும் இவைதான். வழக்கமாக மைட்டோகாண்ட்ரியா வெளியே தள்ளிய புரோட்டான்கள் திரும்பி வரும் வழியில், உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உற்பத்தியாகும். யூசிபி1 திறந்துவிட்டால் அவை வேறு வழியில் புகுந்துவிடுகின்றன. ஏடிபி கிடைப்பதில்லை, சூடுதான் மிச்சம். வண்டி ஓட்டுபவர்களுக்கு இது எளிதில் புரியும்: கிளட்ச்சை மிதித்தபடி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் உறுமும், பெட்ரோல் தீரும், வண்டி மட்டும் நகராது.

இதே வேலையை மாத்திரையால் செய்ய 1933இல் அமெரிக்காவில் ஒரு முயற்சி நடந்தது. டைநைட்ரோஃபீனால் என்ற அந்த மருந்து உடல் எடையைக் குறைத்தது உண்மை. ஆனால் அது எல்லாத் திசுக்களிலும் ஒருசேர ஏடிபி உற்பத்தியைக் கெடுத்தது. கடும் காய்ச்சலில் உயிர்கள் போயின, பலருக்குக் கண்புரை வந்தது. 1938இல் அதன் மருத்துவப் பயன்பாட்டுக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. பழுப்புக் கொழுப்பு ஒரே திசுவில், சமிக்ஞை வந்தால் மட்டும் எரிகிறது. ஆய்வாளர்களின் நம்பிக்கை அதில்தான் இருக்கிறது.

வயது வந்தவர்களிடமும் இத்திசு இயங்குகிறது என்பதை பாஸ்டன், மாஸ்ட்ரிக்ட், துர்கு நகரங்களில் நடந்த மூன்று ஆய்வுகள் 2009இல் பெட் ஸ்கேன் மூலம் நிறுவின.

நமக்கு நெருக்கமான சேதி 2014இல் நெதர்லாந்தின் லெய்டனிலிருந்து வந்தது. அங்கு வாழும் தெற்காசிய வம்சாவளி இளைஞர்களுக்கு, ஐரோப்பிய வம்சாவளியினரைவிடப் பழுப்புக் கொழுப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும், ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள் கொழுப்பு ஒளிந்திருப்பதைப் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் முன்பே காட்டியிருந்தார். அவரும் லண்டன் நண்பர் ஜான் யுட்கினும் உடல் நிறை குறியீட்டெண்ணில் சமம், இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. இந்தியர்களுக்கு அந்தக் குறியீட்டெண் 25ஐத் தொட்டாலே உடல் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுவது இதனால்தான்.

ஜப்பானில் 2013இல் நடந்த ஆய்வில், நாள்தோறும் இரண்டு மணி நேரம் 17 டிகிரி குளிரில் ஆறு வாரம் இருந்தவர்களின் உடற்கொழுப்பு குறைந்தது. மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னையில் இயற்கை அந்தக் குளிரைத் தராது.

ஆகவே பார்வை மருந்துகளின் பக்கம் திரும்புகிறது. சிறுநீர்ப்பைக் கோளாறுக்கான மிராபெக்ரான் பீட்டா-3 ஏற்பியைத் தூண்டுவது. வழக்கமான 50 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராம் கொடுத்தபோது ஓய்வுநிலை ஆற்றல் செலவு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி கூடியது. இதயத் துடிப்பும் கூடியது. 2020இல் 14 பெண்கள் நான்கு வாரம் 100 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட ஆய்வில் பழுப்புக் கொழுப்பின் இயக்கம் பெருகியும் எடை இறங்கவில்லை. இறங்காவிட்டாலும் அவர்கள் உடல் இன்சுலினுக்கு மேலும் நன்றாக இணங்கியது. எடை கூடுமுன்பே சர்க்கரை நோய் வந்துவிடும் நம்மவர்களுக்கு எடைக்குறைவைவிடப் பெரிய விஷயம் அது.