மூன்று வருஷச் சம்பளம்

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களைக் கொண்டுபோகும். ஏலக்காய், செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோரம் படரும் சரத்தில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்து, விளைந்த காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். தை, மாசியோடு காய் ஓய்ந்துவிடும். கோடை வந்தால் வரும்படி மெலிந்துபோகும். இப்படிப்பட்ட வீடுகளைத் தேடித்தான் 1990களின் பிற்பாதியிலிருந்து நூல் மில் தரகர்கள் பெண்களை வேலைக்குக் கூப்பிட தேனி, திண்டுக்கல் கிராமங்களுக்கு வந்தார்கள்.

பெண்கள் மில்லுக்குப் போவது தமிழகத்துக்குப் புதிதல்ல. மதுரையில் ஹார்வி மில் தொடங்கிய காலத்துத் தொழிற்சாலைச் சட்டமே (1891) பெண்ணின் வேலை நேரத்தை ஒரு நாளைக்கு 11 மணி நேரத்துக்குள் நிறுத்தச் சொன்னது. ரீலிங் பகுதியில் நூலைச் சிட்டமாகச் சுற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1934இல் சென்னை மாகாணம் பேறுகாலச் சட்டம் கொண்டுவந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் இரவு வேலையைத் தடுத்தது. எல்லாமே தேவையான பாதுகாப்புகள். ஆனால் ராத்திரி ஷிப்டும் ஓட்ட வேண்டும், பேறுகாலச் செலவும் கூடாது என்று கணக்குப் போட்ட மில்கள் பெண்கள் இருந்த இடத்தில் ஆண்களை எடுத்தன.

1990களில் மில்கள் பெண்களைத் திரும்பக் கூப்பிட்டபோது கல்யாணமாகாத இளம்பெண்களைத்தான் கேட்டார்கள். மில் வளாகத்திலேயே விடுதி. வெளியே போகக் காவல். 'சைடு பார்ப்பது', அதாவது நூற்பு இயந்திரத்தின் பக்கத்தைக் கவனிப்பது, இவர்கள் வேலை. நூல் அறாமலிருக்கக் கூடத்தில் ஈரம் ஏற்றி வைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் பஞ்சுத்தூசி இமையிலும் புருவத்திலும் அப்பும். வரிசை நெடுக நடந்துகொண்டே, அறுந்த இழையை விரல் நுனியால் சட்டென்று ஒட்ட வேண்டும்.

மூன்று வருஷம் முடித்தால் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். அதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயரும் வைத்தார்கள். வரதட்சணையை 1961இலேயே தடை செய்த நாட்டில் இது நடந்தது. மில் கொடுத்த சீர்வரிசையைப் போலப் பேசப்பட்ட அந்தத் தொகை, அவள் உழைப்புக்கான கூலியில் பிடித்து வைத்ததுதான். சம்பளக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று 1936ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லியிருந்தது. உடம்புக்கு முடியாமல் பாதியில் ஊர் திரும்பிய எத்தனையோ பெண்களுக்கு அந்தத் தொகை வந்து சேரவில்லை.

அமெரிக்காவின் லோவெல் நகர மில்களுக்கு 1820களில் பண்ணை வீட்டுப் பெண்கள் போனார்கள். அவர்களுக்கும் விடுதி, கட்டுப்பாடு, விடிகாலை மணி எல்லாம் உண்டு. ஆனால் சம்பளம் கைக்கு வந்தது. அதைக் குறைக்கப் பார்த்த 1834இல் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். விடுதிக் கட்டணம் ஏறிய 1836இல் மறுபடியும் வந்தார்கள். மூன்று வருஷப் பணம் மில்லிடம் சிக்கியிருந்தால் அவர்களால் வந்திருக்க முடியுமா?

நம் பெண்கள் சங்கமாகச் சேர நாளாயிற்று. பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், மில்களில் நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிராக 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதற்கு முந்தைய போராட்டத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)